அங்கிக்கு முன்னே வந்த கிளவுஸ்

கறுப்பு அங்கி, குஞ்சம் தொங்கும் சதுரத் தொப்பி, கையில் கால்பந்து. படிப்பை முடித்த பிள்ளையை இப்படி நிறுத்திப் படமெடுத்து மாட்டுவதை அமெரிக்காவிலிருந்து வந்த மோஸ்தர் என்று தள்ளிவிடுவது சுலபம். அங்கே இதற்கு நீண்ட வரலாறு இருப்பதும் மெய்தான். 1860களிலேயே ஜார்ஜ் வாரன் என்ற புகைப்படக்காரர் ஹார்வர்ட், யேல் மாணவர்களைத் தனித்தனியே படமெடுத்து ஆல்பம் ஆக்கிக் கொடுத்திருக்கிறார். ஆனால் கொருக்குப்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள வடசென்னையையும் வைத்துப் பார்த்தால், இந்தப் படத்தின் இரண்டு பாதிகளும் இங்கே ஏற்கெனவே தனித்தனியாக வாழ்ந்தவைதாம். அவற்றில் விளையாட்டுப் பாதிதான் மூத்தது என்பது என் கட்சி.

ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856இல். சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1857இல். ஓராண்டு இடைவெளிதான், ஆனால் ரயில் வந்த பக்கத்துக்குப் பட்டம் வந்து சேரவில்லை. கொருக்குப்பேட்டைக்கு வந்தவை சரக்கு ரயில் யார்டும், பக்கிங்காம் கால்வாயில் போன படகுகளும், பெரம்பூர்ப் பக்கத்து பின்னி ஆலைகளின் சங்கும்தான். மாநிலக் கல்லூரி கடற்கரையில் இருந்தது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் பெயரில் கல்லூரி எழுந்தது 1950இல். அதுவரைக்கும், அதற்குப் பிறகும் கொஞ்ச காலத்துக்கு, மூட்டை தூக்கியும் தறி ஓட்டியும் பிழைத்த தெருக்களில் ஒருவனுக்கு மரியாதை வாங்கித் தந்தது உடம்பு. குஸ்தி, சிலம்பம், அப்புறம் வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமும் மாலுமிகளிடமும் பார்த்துப் பழகிய குத்துச்சண்டை. சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை பெயர் சொல்லி மோதிக்கொண்ட காலம் அது. 2021இல் வந்த திரைப்படத்தால்தான் பலருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்தன என்பது வேறு கதை.

அந்த மரியாதை ஸ்டுடியோவுக்குள்ளும் போனது. வெற்றுடம்பு, இடது கால் முன்னே, இரண்டு கிளவுஸும் மார்புயரத்தில், பக்கத்து ஸ்டூலில் கோப்பை. இந்த நிலைக்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. பழைய கண்ணாடித் தகடுகளில் உருவம் பதியச் சில நொடிகள் பிடிக்கும். கை அசைந்தால் படம் கலங்கிவிடும். ஆகவே உலகம் முழுக்க ஸ்டுடியோக் குத்துச்சண்டை வீரர்கள் குத்தாமலே நின்றார்கள். அசைவைப் பிடிக்கும் ஃபிலிம் வந்த பிறகும் அந்தத் தோரணை போகவில்லை. யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பியப் பயில்வான் தன் உடம்பின் படங்களை அட்டை அட்டையாக விற்றே புகழ் சேர்த்தவர்; 1904–05இல் இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். ராஜா சாண்டோ, சாண்டோ சின்னப்பா தேவர் என்று தமிழ் சினிமாவில் அவர் பெயரே பட்டமாக ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால், அந்தத் தோரணை எவ்வளவு ஆழமாக இறங்கியது என்பது புரியும். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து காட்சிப் போட்டி ஆடியபோது, கிளவுஸ் தூக்கிய உருவம் இந்த ஊருக்குப் புதிதாக இருக்கவில்லை.

அங்கிப் படம் இன்னொரு வழியில் வந்தது. பட்டமளிப்பு மேடைக்கு எல்லாரும் போக முடியாது. மேடைக்குப் போகாமலே பட்டம் வாங்கியவர்களுக்கு, ஸ்டுடியோ ஆணியில் தொங்கிய பொது அங்கிதான் பட்டமளிப்பு விழா. கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் அது மாட்டப்பட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் கண்ணில் முதலில் பட வேண்டியதும் அதுவே. இன்று யுகேஜி முடித்த குழந்தைக்கும் அதே அங்கியை மாட்டிவிடுகிறார்கள். ஐந்தாறு வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை, கல்லூரி முடிந்ததும் ஒருமுறை. அங்கி மட்டும் இருக்கும் படம் யாரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பந்தோ கிளவுஸோ கூட இருந்தால்தான் அது இன்னார் என்று தெரிகிறது.

இந்த இரண்டையும் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தது ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று நினைக்கிறேன். தெற்கு ரயில்வே, ஐசிஎஃப், துறைமுகம், இந்தியன் வங்கி என்று அணி வைத்திருந்த நிறுவனங்கள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தன. பொறியியல் கலந்தாய்வில் 500 இடங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு. அரசு வேலையில் 3 சதவீதம். சான்றிதழ் ஃபைலில் மார்க் ஷீட்டுக்குப் பின்னால் மாவட்டப் போட்டிச் சான்றிதழ் இருக்கும் வீடுகளில், அங்கிக்கு வழி விட்டதே பந்துதான் என்று சொல்ல இடமுண்டு. வடசென்னையின் கேரம் இதற்கு நல்ல சாட்சி. காசு அதிகம் கேட்காத ஆட்டம். தெருமுனை மன்றத்தில் ஒரு பலகையும் பவுடரும் போதும். 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வென்ற காசிமா, கொருக்குப்பேட்டையை ஒட்டிய புதுவண்ணாரப்பேட்டைப் பெண். அப்போது வயது 17.

ஜெயித்த இரண்டு பேரைக் காட்டி ஒரு வழக்கத்தை நியாயப்படுத்தலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆடியவர்களில் பெரும்பாலோருக்கு இடமும் கிடைக்கவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. குத்துச்சண்டைப் பரம்பரைகளின் கதையில் அடியாள் வேலைக்கு இழுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். கோப்பையோடு நிற்கும் படம் அதைச் சொல்லாது. ஆனால் அங்கிப் படமும் வேலை கிடைக்காத பட்டதாரியைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சுவரில் மாட்டும் படத்திடம் முழு வாழ்க்கையையும் கேட்பது அதிகம். அந்த வயதில் அந்தப் பிள்ளை காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கே போனது என்பதைச் சொன்னால் போதும்.

அதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாஸ்போர்ட் படத்தில் கோட்டு ஒட்டித் தருவதுபோல, கணினியில் அங்கியையும் ஒட்டி, பின்னால் எங்கோ இருக்கும் ஸ்டேடியத்தையும் ஒட்டி, பளபளக்கும் ஒரு பந்தையும் கையில் ஒட்டிவிடுகிறார்கள். அங்கி இரவலாக இருக்கலாம், எப்போதும் இரவல்தான். பந்து மட்டும் அந்தப் பிள்ளை உதைத்துத் தோல் உரிந்த பந்தாக இருக்கட்டும்.