முதுகை மாற்றினால் போதும்!

1969-ல் நிலாவில் ஆர்ம்ஸ்ட்ராங் படமெடுத்தது ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட் கேமராவில். திரும்பும்போது என்ன செய்தார்கள் தெரியுமா? ஃபிலிம் இருந்த பின்பெட்டியை மட்டும் கழற்றிக்கொண்டு, கேமராவை அங்கேயே விட்டுவிட்டார்கள். பாரம் குறையணுமே!

1948-ல் விக்டர் ஹாசல்பிளாட் முதல் மாடலை வெளியிட்டபோதே பின்பெட்டி தனிதான். கறுப்பு-வெள்ளை ரோல் பாதியில் இருக்கும்போதே கலருக்கு மாறலாம், அவ்வளவுதான் உத்தேசம். டிஜிட்டல் வந்து ஃபிலிம் கேமராக்களெல்லாம் பரணுக்குப் போனபோது, அந்த வசதிதான் உயிர் காத்தது. 2019-ல் கம்பெனி அறிவித்த 5 கோடி பிக்ஸல் டிஜிட்டல் பின்பெட்டி, 1957 முதல் வந்த பெரும்பாலான மாடல்களில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஒரே வருத்தம், ஃபிலிமில் பதிந்தது 56 மி.மீ. சதுரம். சென்சாரோ சுமார் 44-க்கு 33தான். வியூஃபைண்டரில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஓரத்து ஆசாமி, படத்தில் இருக்க மாட்டார்!