செம்மண்ணில் பொன் தேடல்: சென்னை மேற்குப் புறநகரும் தென்கிழக்கு வயநாடும்

சென்னையின் மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, செங்குன்றம் ஆகிய ஊர்களைச் சுற்றிப் பல இடங்களில் சிவந்த சரளை மண் காணப்படுகிறது. சாலை போடுவோரும் லாரிக்காரர்களும் இதைக் ‘கிராவல்’ என்பர். நிலவியலாளர் இதைச் செம்புரைக்கல் (லேட்டரைட்) வகையில் சேர்ப்பர். செங்குன்றம் என்ற பெயரே மண்ணின் நிறத்தைச் சொல்கிறது. இரும்பு ஆக்சைடு மிகுந்த இத்தகைய மண், உலோகம் கண்டறியும் கருவிகளுக்கு (மெட்டல் டிடெக்டர்) மிகவும் சிக்கலானது. தங்கம் தேடுவோர் இதைக் ‘கனிமம் மிகுந்த மண்’ என்று குறிப்பிடுவர். இம்மண்ணை ஆராய்ந்த நிலவியலாளர்கள், தமிழகத்தில் நடந்த தங்க வேட்டை, கருவி வளர்ந்த விதம், மண் அதை ஏமாற்றும் முறை ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

மண்ணின் இயல்பு

வெப்பமும் மழையும் மாறி மாறி வரும் நிலங்களில் பாறைகள் நெடுங்காலம் சிதைகின்றன. எளிதில் கரையும் பொருள்கள் நீரோடு போய்விட, இரும்பும் அலுமினியமும் எஞ்சி நிற்கின்றன. இப்படி உருவாகும் செந்நிறக் கல்லுக்கு 1807-இல் வெளியான தம் பயண நூலில் ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டவர் பிரான்சிஸ் புக்கனன். கேரளத்தின் அங்காடிப்புரத்தில் மக்கள் இதை வெட்டியெடுத்துச் செங்கல் போலப் பயன்படுத்துவதை அவர் கண்டார். இலத்தீனில் ‘லேட்டர்’ என்றால் செங்கல்.

சென்னைப் பகுதியில் உள்ளது பெரும்பாலும் இடம்பெயர்ந்த செம்புரை. வேறிடத்தில் சிதைந்த துகள்களும் கூழாங்கற்களும் நீரால் அடித்து வரப்பட்டு, இரும்புச் சத்தால் இறுகியவை. தங்கம் தாங்கும் வெண்கல் (குவார்ட்சு) நரம்புகள் உள்ள பழம்பாறை அடுக்குகள் கோலாரிலும் வயநாட்டிலும் இருப்பதுபோல் இங்கே அறியப்படவில்லை. ஆகவே நிறம் ஒத்திருப்பதைக் கொண்டு பொன் இருக்கும் என்று கருத இயலாது.

இரு நிலவியலாளர்கள்

இந்திய நிலவியல் அளவைத் துறையில் 1858-இல் சேர்ந்தவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். அவர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் செம்புரைச் சரளை தோண்டிய குழியொன்றில் மனிதர் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வின் தொடக்கமாக இது கொள்ளப்படுகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று, தம் துறைத் தோழர் வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார். இவ்வூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

வில்லியம் கிங்கின் தந்தையும் அதே பெயருடைய நிலவியல் பேராசிரியர். ‘நியாண்டர்தால்’ மனித இனத்துக்கு 1864-இல் அறிவியல் பெயர் சூட்டியவர் அவரே.

ஃபூட், கிங் இருவரும் பின்னாளில் பொன் விளையும் பாறைகளையும் ஆராய்ந்தனர். ஃபூட் 1874-இல் தார்வார்ப் பகுதியின் தம்பல் குன்றுகளைப் பற்றி எழுதினார். கிங் 1875-இல் தென்கிழக்கு வயநாட்டுத் தங்க வயல்கள் பற்றி முதனிலை அறிக்கை வெளியிட்டார். செம்மண்ணில் கல்லைத் தேடியவர்களே பொன் இருக்கும் பாறையையும் தேடினர்.

வயநாட்டுத் தங்க மோகம்

தென்கிழக்கு வயநாடு என்பது இன்றைய நீலகிரி மாவட்டத்தின் கூடலூர், பந்தலூர் வட்டங்களாகும். 1877-இல் இப்பகுதி மலபாரிலிருந்து நீலகிரியுடன் இணைக்கப்பட்டது. ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே பணியர், குறும்பர் ஆகிய பழங்குடியினர் ஓடை மணலையும் மலைச்சரிவு மண்ணையும் மரத்தட்டுகளில் அலசிப் பொன் துகள் அரித்தெடுத்து வந்தனர். எங்கே பொன் கிடைக்கும் என்ற அறிவு முதலில் அவர்களிடமே இருந்தது. பின்னர் வந்த கம்பெனிகளும் அப்பழைய குழிகளையே தடயமாகக் கொண்டன.

1874-இல் தேவாலா அருகே ஆல்ஃபா என்ற தங்கச் சுரங்க நிறுவனம் தொடங்கப்பட்டது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலராக இருந்த பிரோ ஸ்மித் 1879-இல் வரவழைக்கப்பட்டார். நம்பிக்கையூட்டும் அவரது அறிக்கை 1880-இல் வெளிவந்தது. தொடர்ந்து இலண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பங்கு திரட்டின. நட்டத்தில் இருந்த காப்பித் தோட்டங்கள் தங்க நிலங்களாக விலை பேசப்பட்டன. காட்டு ஊர்களான தேவாலாவும் பந்தலூரும் திடீரென நகரங்கள் ஆயின. ஆனால் அரைத்த கல்லில் எதிர்பார்த்த பொன் கிடைக்கவில்லை. 1882 அளவில் மோகம் அடங்கிவிட்டது. ஹேடனும் ஹாட்ச்சும் மீண்டும் ஆராய்ந்து 1901-இல் வெளியிட்ட அறிக்கையும் ஊக்கம் தருவதாக இல்லை.

இத்தோல்விக்கு ஊக வணிகம் ஒரு காரணம். மண்ணின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். தங்கம் தாங்கும் பாறை சிதையும்போது அதிலுள்ள கந்தகக் கனிமங்கள் துருவாகிக் கரைந்து, பொன் துகள் மட்டும் மேலடுக்கில் தங்கிவிடுவது உண்டு. மேலே எடுத்த மாதிரி செழிப்பாகத் தோன்றும். ஆழம் செல்லச் செல்ல அளவு குறையும். எஞ்சிய பொன்னும் கந்தகக் கனிமத்தோடு பிணைந்திருப்பதால் பிரித்தெடுப்பது கடினம். மேல்மண்ணை வைத்து அடிப்பாறையை மதிப்பிடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வயநாடு ஒரு பாடம்.

கருவியின் வளர்ச்சி

பிரோ ஸ்மித் வயநாடு வந்த அதே 1879-இல் டேவிட் ஹியூஸ் என்பவர் இலண்டனில் ‘தூண்டல் தராசு’ என்ற மின்கருவியை விளக்கிக் காட்டினார். இக்கால உலோகம் கண்டறியும் கருவியின் முன்னோடி அது. 1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவியைப் பயன்படுத்தினார். முயற்சி பலிக்கவில்லை. படுக்கையில் இருந்த உலோகக் கம்பிச்சுருள்கள் கருவியைக் குழப்பியதும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தேடும் பொருளைவிடச் சுற்றுப்புறம் உரக்க ஒலிக்கும் இந்தச் சிக்கல் இன்றும் தீரவில்லை.

1930-களில் கெர்ஹார்ட் ஃபிஷர் கையில் எடுத்துச் செல்லத்தக்க கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி உருவாக்கிய கண்ணிவெடி காணும் கருவி 1942-இல் எல் அலமைன் போரில் பயன்பட்டது. 1980-இல் ஆஸ்திரேலியாவின் கிங்கோவர் அருகே இத்தகைய கருவி கொண்டு தேடியபோது 27 கிலோ எடையுள்ள தங்கக் கட்டி ஒன்று கிடைத்தது. அதன் பின் செம்மண்ணிலும் வேலை செய்யும் கருவிக்கான தேவை பெருகியது. 1985-இல் அடிலெய்டில் தொடங்கப்பட்ட மைன்லேப் நிறுவனத்தில் புரூஸ் கேண்டி வடிவமைத்த எஸ்டி 2000 என்ற கருவி 1990-களின் நடுவில் இத்துறையில் திருப்பமாக அமைந்தது.

மண் கருவியை ஏமாற்றும் முறை

கருவியின் அடியில் உள்ள கம்பிச்சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப்புலம் உண்டாகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்மின்னோட்டம் உருவாக்கும் எதிர்ப்புலத்தைக் கருவி ஒலியாக்கிக் காட்டுகிறது.

செம்மண்ணில் மேக்னடைட், மேகமைட் போன்ற காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடுகள் கலந்திருக்கும். இவை கருவியின் புலத்துக்கு உடனே எதிர்வினை காட்டும். இதை ‘மண் சமன் செய்தல்’ என்ற முறையால் பெருமளவு நீக்கலாம். ஆனால் மிக நுண்ணிய துகள்கள் சற்றுத் தாமதித்தும் எதிர்வினை காட்டும். இத்தாமதம் உலோகத்தின் குறிப்பைப் போலவே இருப்பதால் வெறும் மண்ணும் கல்லும் ‘ஒலிக்கும்’. தீயில் சுட்ட மண்ணில் இது இன்னும் மிகுதி. செங்கல் சூளை இருந்த இடங்களில் கருவி ஓயாமல் கத்துவது இதனால்தான்.

துடிப்பு முறைக் கருவிகள் வேறு வழியைக் கையாளுகின்றன. அவை மின்னோட்டத்தைத் துண்டு துண்டாகச் செலுத்தி, ஒவ்வொரு முறையும் நிறுத்திய பின் வரும் எதிரொலி எப்படித் தேய்கிறது என்று அளக்கின்றன. மண்ணின் எதிரொலி தேயும் விதம் வேறு, உலோகத்தினுடையது வேறு. நீளம் வேறுபட்ட துடிப்புகளை ஒப்பிட்டு மண்ணின் பங்கைக் கழிக்கலாம். ஆயினும் சிறு தங்கத் துகளின் எதிரொலி கணத்தில் மறைந்துவிடும். மண்ணைக் கழிக்கும்போது அதுவும் சேர்ந்து கழிந்துவிடக்கூடும். எனவே ஆழத்தில் உள்ள தங்கத்தைத் தவறாமல் காட்டும் கருவி என்று எவரேனும் கூறினால் அதை நம்பலாகாது.

மேற்குப் புறநகரின் நிலை

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் 1960-களில் தோன்றின. ஆணி, கம்பி, இரும்புச் சீவல், சூளைச் சாம்பல் என மனிதர் விட்டுச் சென்றவையும் சேர்ந்து இங்குள்ள மண்ணை மேலும் குழப்பமாக்குகின்றன. இங்கே கருவி எழுப்பும் ஒலிகளில் மிகப் பெரும்பாலானவை இரும்பாலோ மண்ணாலோ எழுபவையே.

சட்டமும் தெளிவாக உள்ளது. 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைப்பவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. உரிமையாளர் இல்லாத புதையலை அரசு எடுத்துக்கொண்டால், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்த்து விலை தரும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவதை 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இயற்கையாகக் கிடைக்கும் தங்கம் 1957-ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமமின்றித் தேடுவது குற்றமாகும்.

இச்சட்டங்களுக்கு அப்பால் மற்றோர் இழப்பும் உண்டு. ஒலி கேட்ட இடத்தில் அவசரமாகத் தோண்டுபவர் மண்ணடுக்கைக் கலைத்துவிடுகிறார். ஒரு பொருள் எந்த அடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதைக் கொண்டே அதன் காலம் கணிக்கப்படுகிறது. கலைந்த அடுக்கை மீண்டும் அடுக்க முடியாது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பாப்பு குழுவினர் பொறுமையாக அடுக்கு அடுக்காக அகழ்ந்ததால்தான், அங்குள்ள மிகப் பழைய கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று 2011-இல் அறிவிக்க முடிந்தது.

காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு இல்லாத கல்லுக்குக் கருவி ஒலிப்பதில்லை. ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரியின் மீது இன்றைய விலையுயர்ந்த கருவியை வைத்தாலும் அது பேசாது. அவர் திரட்டிய தொகுப்பை 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகம் வாங்கியது. பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்திலும் இப்பகுதிக் கற்கருவிகளைக் காணலாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ கிராவல் குவியலில் செதுக்கிய கல்லொன்றைக் காணும் மாணவர், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவித்தால், இம்மண்ணின் உண்மையான செல்வம் பாதுகாக்கப்படும்.