பொதுமன்னிப்பும் நிரம்பி வழியும் சிறைகளும்

வெசாக், நத்தார், சுதந்திர தினம் போன்ற நாட்களில் கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்படுவது இந்நாட்டின் வழமையாகும். அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரை ஜனாதிபதிக்கு இவ்வதிகாரத்தை அளிக்கின்றது. எனினும், சிறைச்சாலைகளின் நெரிசல் இதனால் தணிந்ததாகத் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் 1,004 கைதிகள் விடுதலை செய்யப்பட்டனர். தண்டப்பணம் செலுத்த வழியின்றிச் சிறைப்பட்டோரும் அவர்களுள் அடங்குவர். அதற்குச் சற்று முன்னர், போதைப்பொருளுக்கு எதிரான ஒரு வார கால நடவடிக்கையில் 13 ஆயிரத்துக்கும் அதிகமானோரைப் பொலிஸார் கைது செய்திருந்தனர். சுமார் 11 ஆயிரம் பேருக்கென அமைந்த சிறைகளில் அவ்வேளை ஏறத்தாழ 30 ஆயிரம் பேர் இருந்தனர். கைதானோரில் ஒரு பகுதியினர் விளக்கமறியலுக்கு அனுப்பப்பட்டாலே, விடுதலையால் கிடைத்த இடம் மீண்டும் நிரம்பிவிடும்.

சிறையிலிருப்போரில் பெரும்பான்மையினர் தண்டனை பெற்றவர்கள் அல்லர், விளக்கமறியல் கைதிகளே. தீர்ப்பளிக்கப்படாதவரைப் பொதுமன்னிப்பு எட்டுவதில்லை. பிணை வழங்குவதே விதி, மறுப்பது விதிவிலக்கு என்பது 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் அடிப்படையாகும். ஆயினும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதாவோருக்கு அது பொருந்துவதில்லை.

இதன் விளைவைத் தமிழ், முஸ்லிம் மக்கள் நன்கறிவர். போர்க்காலத்தில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் சுற்றிவளைப்புகளுக்கு உள்ளாகின. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தமிழ் இளைஞர் பலர் தீர்ப்பின்றி ஆண்டுக்கணக்கில் சிறையிருந்தனர். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னர் முஸ்லிம்கள் பலரும் அதே நிலையை எதிர்கொண்டனர். 2020 மே மாதம் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 2021 டிசம்பரிலேயே பிணையில் வெளிவந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவர் சிறையில் கழித்த காலத்தை எந்த மன்னிப்பும் ஈடுசெய்யாது.

நெரிசல் உயிராபத்தும் கொண்டது. கொரோனா பரவல் அச்சத்தின் மத்தியில் 2020 நவம்பர் இறுதியில் மகர சிறைச்சாலையில் வெடித்த கலவரத்தில் 11 கைதிகள் உயிரிழந்தனர்.

சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூகப் பணியை விதிக்க 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் இடமளிக்கின்றது. அதனைப் பரவலாகக் கையாளுதல், தண்டப்பணத்தைத் தவணை முறையில் செலுத்த வசதியளித்தல், வழக்குகளைத் துரிதப்படுத்துதல், பிணையைத் தாராளமாக வழங்குதல் ஆகியனவே நிலையான பரிகாரமாகும். பண்டிகைக்கால விடுதலைகள் வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவை நீதி நிர்வாகத்தின் தாமதத்துக்குத் திரையாகிவிடக்கூடாது.