உங்கள் பாட்டு, உங்கள் சர்வர்: வீட்டிலேயே மியூசிக் ஸ்ட்ரீமிங் செய்ய எந்த மென்பொருள் சரி?

கூகுள் பிளே மியூசிக் 2020-ல் மூடப்பட்டது. 2024 ஜனவரியோடு ரெஸ்ஸோ இந்தியாவில் நின்றது. அதே ஆண்டு, விங்க் மியூசிக்கை மூடுவதாக ஏர்டெல் அறிவித்தது. வருஷக்கணக்கில் நீங்கள் சேர்த்த பிளேலிஸ்ட் என்ன ஆகும் என்பது உங்கள் கையில் இல்லை.

இன்னொரு பக்கம், சிடியிலிருந்து ஏற்றிய படப் பாடல்கள், கேசட்டிலிருந்து மாற்றிய கச்சேரிகள், காசு கொடுத்து வாங்கிய ஆல்பங்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை உங்கள் சொந்த சர்வரிலிருந்தே போனில் ஸ்ட்ரீம் செய்து கேட்கலாம். அதற்கான மென்பொருட்களில் பல இலவசம்.

என்னென்ன தேவை?

எப்போதும் ஆனில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் போதும். பழைய லேப்டாப்பும் சரி, ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டும் சரி. 5 வாட் இழுக்கும் கருவி மாதம் முழுக்க ஓடினாலும் 3.6 யூனிட்தான் ஆகும். 320 கேபிபிஎஸ் தரத்தில் 5 நிமிடப் பாட்டு ஒன்று 12 எம்பி. அப்படி 5,000 பாட்டுக்கு 60 ஜிபி இடம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நாவிட்ரோம்: பாட்டு மட்டும் போதும் என்பவர்களுக்கு இதுதான் முதல் சாய்ஸ். ஓப்பன் சோர்ஸ், ரொம்ப லேசானது. சப்சோனிக் என்ற பழைய மென்பொருளின் இணைப்பு முறையைப் பின்பற்றுவதால், ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம், ஐபோனில் ஆம்பர்ஃபை எனப் பல ஆப்கள் இதோடு சேரும். ஒரு ஆப் பிடிக்கவில்லையா? வேறு ஆப்புக்கு மாறலாம், சர்வரைத் தொட வேண்டியதில்லை.

கோனிக்: இதுவும் சப்சோனிக் குடும்பம்தான். கச்சேரிகளை ஊர், வருஷம் வாரியாக ஃபோல்டரில் அடுக்கி வைத்திருக்கிறீர்களா? அந்த அடுக்கை அப்படியே காட்டும்.

ஜெல்லிஃபின்: வீட்டு வீடியோ, சினிமா, பாட்டு எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்பவர்களுக்கு. எம்பி என்ற மென்பொருளிலிருந்து 2018-ல் பிரிந்து வந்த ஓப்பன் சோர்ஸ் திட்டம் இது. பாட்டுக்கு ஃபின்ஆம்ப் என்ற தனி ஆப் இருக்கிறது.

பிளெக்ஸ்: அமைப்பது சுலபம், அதன் பிளெக்ஸ்ஆம்ப் அழகான ஆப். ஆனால் ஓப்பன் சோர்ஸ் இல்லை. சில வசதிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். அந்த நிறுவனத்தின் கணக்கு வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். 2022 ஆகஸ்டில் பயனர் விவரங்கள் கசிந்தபோது பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார்கள்.

இந்தியப் பாடல்களில் எங்கே சிக்கல்?

உண்மையான தலைவலி டேக்கில்தான். டேக் என்பது ஒவ்வொரு ஃபைலுக்குள்ளும் இருக்கும் பாடகர், ஆல்பம், வருஷம் போன்ற விவரம். நாவிட்ரோம் ஃபோல்டரை நம்பாது, டேக்கைத்தான் படிக்கும். ஒரு படத்தில் ஆறு பாட்டை ஆறு பேர் பாடியிருந்தால், அது ஆறு ஆல்பமாகச் சிதறிவிடலாம். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற இடத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரை ஒரே மாதிரி போடுங்கள், சரியாகிவிடும். ஒரு பாட்டில் 'ஆர்.டி. பர்மன்', இன்னொன்றில் 'ராகுல் தேவ் பர்மன்' என்றிருந்தால் மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு ஆட்கள். திருத்துவதற்கு மியூசிக்பிரைன்ஸ் பிகார்ட் என்ற இலவச மென்பொருள் உதவும்.

வெளியூரிலும் கேட்க முடியுமா?

முடியும். ஆனால் பல இந்திய பிராட்பேண்ட் இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. அதனால் ரூட்டரில் போர்ட் திறந்தாலும் பலன் இருக்காது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன்னை சர்வரிலும் போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். சர்வரை இணையத்தில் அப்படியே திறந்து வைப்பதைவிட இது பாதுகாப்பும்கூட. மொபைல் டேட்டாவை மிச்சம் பிடிக்க, பெரிய ஃபிளாக் ஃபைல்களைச் சுருக்கி அனுப்பும் டிரான்ஸ்கோடிங் வசதியை ஆன் செய்யுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான உபயோகத்தை அனுமதிக்கிறது. அதே பாடல்களை ஊருக்கே திறந்துவிட்டால் கதை வேறு.

கடைசியாக ஒன்று

மென்பொருளை இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என மாற்றிக்கொள்ளலாம். டிஸ்க் போனால் பாட்டு திரும்ப வராது. அந்தக் கேசட் இப்போது ஓடுமா என்பதே சந்தேகம். அதனால் பாட்டு ஃபைல்களை இன்னொரு டிஸ்க்கில் நகலெடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் வையுங்கள். பிளேலிஸ்ட்டும் பிடித்த பாடல் குறிகளும் நாவிட்ரோமின் டேட்டா ஃபோல்டரில்தான் இருக்கும், அதையும் சேர்த்தே நகலெடுங்கள். முதலில் பத்து ஆல்பத்தை மட்டும் ஏற்றிப் பாருங்கள். டேக் சரியாக வந்தால், மீதியை ஏற்றலாம்.