கடப்பிதழ் இருந்தால் போதுமா? சிங்கப்பூர் அணிக்கு யார் விளையாடலாம்?

சனிக்கிழமை மாலை. செம்பவாங்கில் வீவக புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் திடலில் நான்கு நண்பர்கள் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நால்வருக்கும் 16 வயது. "ஒருநாள் சிங்கப்பூருக்காக விளையாடணும்" என்பதுதான் நால்வரின் ஆசையும்.

முதலாமவர் இங்கேயே பிறந்து வளர்ந்த சிங்கப்பூரர்.

இரண்டாமவர் 9 வயதில் பெற்றோருடன் சென்னையிலிருந்து வந்தவர். இப்போது நிரந்தரவாசி, அதாவது பிஆர். கையில் இருப்பது இந்தியக் கடப்பிதழ்.

மூன்றாமவர் ஒரு பெண். பிறந்ததும் வளர்ந்ததும் சிங்கப்பூரில்தான். ஆனால், பெற்றோர் இருவரும் மலேசியர்கள். அவரும் மலேசியர்.

நான்காமவர் பெர்த்தில் பிறந்து வளர்ந்த ஆஸ்திரேலியர். விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்திருக்கிறார். அவருடைய பாட்டி பிறந்தது இதே செம்பவாங்கில், பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் ஊழியர் குடியிருப்பில்.

இவர்களில் யாரெல்லாம் சிங்கப்பூருக்காக விளையாட முடியும்?

"சிங்கப்பூரர் மட்டும்தானே?" என்று நீங்கள் நினைக்கலாம். அது எப்போதும் சரியில்லை. எந்த விளையாட்டு என்பதைப் பொறுத்து விடை மாறும்.

கிரிக்கெட்: பிறப்பு, குடியுரிமை அல்லது 3 ஆண்டு

அனைத்துலகக் கிரிக்கெட் மன்றமான ஐசிசி மூன்று வழிகளைத் தருகிறது. அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், அல்லது அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது கடந்த 3 ஆண்டுகளாக அந்த நாட்டையே நிரந்தர வசிப்பிடமாகக் கொண்டிருக்க வேண்டும். மூன்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போதும்.

ஆக, சென்னையிலிருந்து வந்த நண்பர் இந்தியக் கடப்பிதழை வைத்துக்கொண்டே சிங்கப்பூர்க் கிரிக்கெட் அணியில் இடம்பெறலாம். மலேசியப் பெண்ணுக்கும் பிறப்பு கைகொடுக்கும்.

ஆனால், பெர்த் நண்பருக்கு வழியில்லை. ஐசிசி விதிகளில் தாத்தா பாட்டிக்கு இடமே கிடையாது.

டிம் டேவிட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐபிஎல் மைதானங்களில் சிக்சர்களாக விளாசுபவர். அவர் 1996-இல் சிங்கப்பூரில் பிறந்தவர். அவருடைய தந்தையும் சிங்கப்பூர் அணிக்காக ஆடியவர். குழந்தையாக இருந்தபோதே குடும்பம் பெர்த்துக்குத் திரும்பிவிட்டது. ஆனாலும், பிறப்பின் அடிப்படையில் 2019-இல் அவர் சிங்கப்பூர் அணிக்குள் வந்தார். 14 டி20 ஆட்டங்களில் ஆடினார். பிறகு 2022-இல் ஆஸ்திரேலிய அணிக்குப் போய்விட்டார்.

அதெப்படி உடனே மாற முடிந்தது? ஐசிசியின் இணை உறுப்பு நாடான சிங்கப்பூரிலிருந்து முழு உறுப்பு நாடான ஆஸ்திரேலியாவுக்கு மாறக் காத்திருப்புக் காலம் இல்லை. எதிர்த் திசையில் போனால் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நியூசிலந்தின் ராஸ் டெய்லர் அப்படிக் காத்திருந்துதான் 2025-இல் தம் தாயின் நாடான சமோவாவுக்கு ஆடினார்.

ரக்பி: பாட்டியின் பிறப்புச் சான்றிதழ் போதும்

15 பேர் ஆடும் ரக்பி யூனியனை நிர்வகிப்பது வோர்ல்ட் ரக்பி அமைப்பு. அது கடப்பிதழைக் கேட்பதில்லை. அது கேட்பவை:

• நீங்கள் அந்த நாட்டில் பிறந்தவரா?
• உங்கள் பெற்றோரிலோ தாத்தா பாட்டியிலோ ஒருவர் அங்கு பிறந்தவரா?
• தொடர்ந்து 5 ஆண்டுகளாக அந்நாட்டு ரக்பிச் சங்கத்தில் மட்டும் பதிவுபெற்றிருக்கிறீர்களா? அல்லது விட்டு விட்டாவது மொத்தம் 10 ஆண்டுகள் வசித்திருக்கிறீர்களா?

ஒன்றுக்கு "ஆம்" என்றால் போதும். முன்பு 3 ஆண்டு வசிப்பே போதுமானதாக இருந்தது. 2022 ஜனவரி முதல் அது 5 ஆண்டாக உயர்ந்தது.

இந்த விளையாட்டில், சென்னை நண்பரின் பதிவுக் காலம் நிறைவடைந்திருந்தால், நம் நான்கு நண்பர்களுக்குமே கதவு திறந்திருக்கிறது. கிரிக்கெட்டில் வெளியே நின்ற பெர்த் நண்பர், பாட்டி செம்பவாங்கில் பிறந்ததற்கான ஆதாரத்தைக் காட்டினால் உள்ளே வந்துவிடலாம்.

13 பேர் ஆடும் ரக்பி லீக்கிலும் தாத்தா பாட்டி வழி உண்டு. அதனால் என்ன மாறும் என்பதை 2017 உலகக் கிண்ணம் காட்டியது. ஆக்லந்தில் பிறந்து நியூசிலந்துக்கு ஆடிவந்த ஜேசன் டாமலோலோ, தம் பூர்வீக நாடான டோங்காவைத் தேர்ந்தெடுத்தார். அதே போட்டியில் டோங்கா, நியூசிலந்தை 28-22 என வென்றது. சின்னஞ்சிறு தீவு நாடு, ரக்பி வல்லரசை வீழ்த்தியது.

அதே ரக்பி லீக்கில், ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் 'ஸ்டேட் ஆஃப் ஆரிஜின்' தொடரில் வேறு கணக்கு. கிரெக் இங்லிஸ் நியூ சவுத் வேல்ஸில் பிறந்தவர். ஆனால், ஆடியது எதிரணியான குவீன்ஸ்லந்துக்கு! சர்ச்சை நீண்டது. பிறகு 2012-இல் விதியைக் கடுமையாக்கினார்கள். 13 வயதுக்கு முன் எந்த மாநிலத்தில் வசித்தீர்கள் என்பது முக்கியமானது. பிறந்த இடத்தைவிட வளர்ந்த இடத்துக்கு மதிப்புக் கொடுக்கும் அணுகுமுறை அது.

காற்பந்து: இரண்டு பூட்டு, இரண்டு சாவி

காற்பந்தில்தான் விதி கடினம். ஃபிஃபா முதலில் குடியுரிமையைக் கேட்கும். அது இல்லாமல் பேச்சே இல்லை. நிரந்தரவாசம் போதாது.

குடியுரிமையைப் பின்னாளில் பெற்றவர் என்றால் இரண்டாவது பூட்டு உண்டு. அதைத் திறக்கக் கீழே உள்ளவற்றில் ஒன்று தேவை:

• அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும்.
• ஈன்ற தாயோ தந்தையோ அங்கு பிறந்திருக்க வேண்டும்.
• தாத்தாவோ பாட்டியோ அங்கு பிறந்திருக்க வேண்டும்.
• 10 வயதுக்கு முன் குடிவந்தவர் என்றால் குறைந்தது 3 ஆண்டுகளும், அதற்குப் பிறகு வந்தவர் என்றால் குறைந்தது 5 ஆண்டுகளும் அங்கு வசித்திருக்க வேண்டும்.

சென்னை நண்பர் 9 வயதில் வந்தவர். ஆகவே, இரண்டாவது பூட்டு ஏற்கெனவே திறந்துவிட்டது. முதல் பூட்டுதான் பாக்கி. மலேசியப் பெண்ணுக்கும் பெர்த் நண்பருக்கும் அதே நிலைதான்.

இரண்டாவது பூட்டைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும்? சிங்கப்பூருக்கே அந்த அனுபவம் உண்டு. 2008 மே மாதம் ஃபிஃபா, வசிப்புக் காலத்தை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்த்தியது. அடுத்த மாதமே உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், சீனாவில் பிறந்து சிங்கப்பூர்க் குடிமகனான சியூ லி, உஸ்பெகிஸ்தானுக்கு எதிராகக் களமிறங்கினார். அவரிடம் கடப்பிதழ் இருந்தது. வசித்த காலம் போதவில்லை. ஆட்டத்தின் முடிவை உஸ்பெகிஸ்தானுக்கு 3-0 என ஃபிஃபா மாற்றியது.

ஒலிம்பிக்கும் தென்கிழக்காசிய விளையாட்டுகளும்

இங்கே எந்த விளையாட்டாக இருந்தாலும் குடியுரிமை கட்டாயம். அதாவது, சிங்கப்பூர்க் கிரிக்கெட் அணியில் வழக்கமாக ஆடும் நிரந்தரவாசி ஒருவர், தென்கிழக்காசிய விளையாட்டுகளுக்கு அணி புறப்படும்போது வீட்டில் இருந்து பார்க்க வேண்டியதுதான்.

குடியுரிமை வாங்கிவிட்டால் முடிந்ததா?

சொல்வது சுலபம். சிங்கப்பூரில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. இங்கு பிறந்த காரணத்தால் மட்டும் யாரும் சிங்கப்பூரர் ஆகிவிடுவதும் இல்லை. பாட்டி இங்கு பிறந்தவர் என்பதாலும் குடியுரிமை தானாக வராது. ஃபிஃபாவின் பூட்டைத் திறக்கும் பாட்டி, குடிநுழைவு அலுவலகத்தின் பூட்டைத் திறப்பதில்லை.

சென்னை நண்பர் சிங்கப்பூரர் ஆனால் இந்தியக் குடியுரிமையை விட வேண்டும். பிறகு மனம் மாறி இந்தியாவுக்கு ஆடலாம் என்று நினைத்தால், ஓசிஐ அட்டை உதவாது. இந்திய அணிகளுக்கு இந்தியக் கடப்பிதழ் தேவை.

ஆண்களுக்கு இன்னொன்றும் உண்டு: தேசியச் சேவை. குடிமக்களுக்கு மட்டுமல்ல, பெற்றோர் வழியாக நிரந்தரவாசியான இளைஞர்களுக்கும் அது கடமை. 18 வயதில், விளையாட்டு வாழ்க்கை சூடுபிடிக்கும் நேரத்தில், 2 ஆண்டுகள்.

பென் டேவிஸின் கதை பலருக்கும் நினைவிருக்கும். தாய்லந்தில் பிறந்தவர், சிறுவயதில் சிங்கப்பூருக்கு வந்தவர், குடியுரிமை பெற்றவர், விளையாட்டுப் பள்ளியில் படித்தவர். 2018-இல் சிங்கப்பூர்த் தேசிய அணிக்கு அழைப்பு வந்தது. இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவும் அவரை ஒப்பந்தம் செய்தது. தேசியச் சேவையை ஒத்திவைக்கக் கேட்டார். தற்காப்பு அமைச்சு மறுத்தது. அவர் சேவைக்கு வரவில்லை. 2019-இல் தாய்லந்தின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடினார்.

"திறமையைக் கைவிட்டுவிட்டோம்" என்றார்கள் சிலர். "எல்லாப் பையன்களும் செய்யும் கடமையில் ஒருவருக்கு மட்டும் எப்படி விலக்கு?" என்று கேட்டார்கள் மற்றவர்கள். ஃபிஃபா விதிகளைப் பொறுத்தவரை அவர் சிங்கப்பூருக்கு ஆடத் தகுதியானவர். முடிவைத் தீர்மானித்தது விளையாட்டு விதியல்ல, நாட்டின் சட்டம்.

ஒருமுறை ஆடிவிட்டால் மாற முடியாதா?

முடியும், ஆனால் இடைவெளி குறுகியது.

காற்பந்தில், நட்புமுறை ஆட்டம் உங்களைக் கட்டிப்போடாது. மூத்தோர் அணிக்காகப் போட்டி ஆட்டத்தில் இறங்குவதுதான் கட்டிப்போடும். 2020-இல் ஃபிஃபா கொஞ்சம் தளர்த்தியது. 21 வயதான பிறகு அத்தகைய போட்டி ஆட்டத்தில் இறங்காமல், நட்புமுறை ஆட்டங்களையும் சேர்த்து மூத்தோர் அணிக்காக மூன்று ஆட்டங்களுக்கு மேல் ஆடாமல், கடைசி ஆட்டத்திலிருந்து 3 ஆண்டுகள் கடந்திருந்தால், ஒரே ஒருமுறை மாறலாம். முதல் போட்டி ஆட்டத்தின்போதே இரண்டாவது நாட்டின் குடியுரிமையும் கையில் இருந்திருக்க வேண்டும். உலகக் கிண்ண இறுதிச்சுற்றிலோ கண்ட அளவிலான கிண்ணப் போட்டியின் இறுதிச்சுற்றிலோ ஆடியிருந்தால் அதுவும் இல்லை.

ரக்பி யூனியனில், 3 ஆண்டுகள் எந்த நாட்டுக்கும் ஆடாமல் இருந்தபின் ஒருமுறை மாறலாம். ஆனால், நீங்களோ உங்கள் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு மட்டுமே.

விதி எதற்கு இவ்வளவு கறார்?

பக்கத்து வீட்டைப் பார்த்தால் புரியும். 2025-இல் மலேசியா, வெளிநாட்டில் பிறந்த ஏழு வீரர்களைத் தேசிய அணியில் சேர்த்தது. அவர்களுடைய தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்தவர்கள் என்று ஆவணங்கள் சொன்னன. ஜூன் மாதம் வியட்நாமை 4-0 என வென்றபோது நாடே கொண்டாடியது.

ஃபிஃபா மூல ஆவணங்களைத் தேடிப் பார்த்தது. அந்தத் தாத்தா பாட்டிகள் பிறந்தது அர்ஜென்டினா, பிரேசில், நெதர்லந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் என்று அது கண்டறிந்தது. செப்டம்பரில் மலேசியக் காற்பந்துச் சங்கத்துக்கு 350,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், ஏழு வீரர்களுக்கு 12 மாதத் தடையும் விதித்தது. சங்கத்தின் மேல்முறையீட்டையும் நவம்பரில் ஃபிஃபா தள்ளுபடி செய்தது.

டோங்காவும் மலேசியாவும் நாடியது பூர்வீக வழியைத்தான். ஓரிடத்தில் உண்மையான உறவு ஒரு சிறு நாட்டை உயர்த்தியது. இன்னோரிடத்தில் காகிதத்தில் மட்டும் இருந்த உறவு ஓர் அணியையே சந்தியில் நிறுத்தியது. அதில் அதிகம் இழப்பவர்கள், அந்த ஏழு இடங்களுக்காக வருடக்கணக்கில் பயிற்சி செய்து காத்திருந்த உள்ளூர் இளைஞர்கள்.

அதேநேரம், "வெளியில் பிறந்தவர் என்றாலே போலி" என்று சொல்லிவிடவும் முடியாது. டேனியல் பென்னட் பிறந்தது இங்கிலாந்தில். சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்து இங்கேயே வளர்ந்தார். சிங்கப்பூருக்காக 140-க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் தற்காப்பில் நின்றார். அவரை யாராவது வெளியாள் என்பார்களா?

அப்போ நீங்கள் என்ன செய்யலாம்?

நீங்களோ உங்கள் தம்பி தங்கையோ தேசிய அணியைக் குறிவைத்தால், இவற்றை இப்போதே கவனியுங்கள்:

• உங்கள் விளையாட்டு கேட்பது குடியுரிமையா, பிறப்பா, வசிப்பா என்று தெரிந்துகொள்ளுங்கள். விதிகள் மாறக்கூடியவை. தேர்வுக்குப் போகும் ஆண்டில் சங்கத்திடம் மறுபடியும் கேளுங்கள்.
• எந்த வயதில் இங்கு வந்தீர்கள் என்பதற்கான பள்ளி, குடிநுழைவு ஆவணங்களைப் பத்திரமாக வையுங்கள். 9 வயதா 11 வயதா என்பது காற்பந்தில் 2 ஆண்டு வித்தியாசம்.
• தாத்தா பாட்டி வழியில் போவதாக இருந்தால் மூலச் சான்றிதழைத் தேடுங்கள். "பாட்டி சொன்னாங்க" என்பது ஆதாரமாகாது.
• வேறொரு நாட்டின் மூத்தோர் அணியிலிருந்து அழைப்பு வந்தால், அது நட்புமுறை ஆட்டமா, போட்டி ஆட்டமா என்று முதலில் கேளுங்கள்.
• குடியுரிமை, தேசியச் சேவை பற்றி வீட்டில் 15, 16 வயதிலேயே பேசிவிடுங்கள். ஒப்பந்தம் கைக்கு வந்தபின் பேச நேரம் இருக்காது.

மீண்டும் செம்பவாங் திடலுக்கு வருவோம். ரக்பியில் நான்கு பேருக்கும் வழி உண்டு. கிரிக்கெட்டில் மூன்று பேர். காற்பந்திலும் தென்கிழக்காசிய விளையாட்டுகளிலும் இப்போதைக்கு ஒருவர் மட்டுமே.

மற்ற மூவருக்கும் கதவு மூடிவிடவில்லை. ஆனால், அதைத் திறக்க ஆடுகளத்தில் கோல் போடுவது மட்டும் போதாது. ஒரு நாட்டை விட்டு இன்னொரு நாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த முடிவை எடுக்கும்போது, என்ன கிடைக்கும், எதை விட வேண்டும் என்பது இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.