ஒளியாலான கோபுரம்

கல்லில் வடித்த சிற்பமும் சீலையில் தீட்டிய ஓவியமும் பூட்டிய அறையில் கிடந்தாலும் நெடுங்காலம் பிழைத்திருக்கும். மின்னொளியாலான கலைப்படைப்புக்கு அந்தப் பேறு இல்லை. கவனிப்பாரற்றுச் சில பத்தாண்டுகள் கிடந்தாலே அது மடிந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய வீடியோ கலையும் அதன்பின் வந்த இணையக் கலையும் இவ்வகையின.

1963-ஆம் ஆண்டு, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில், கொரியக் கலைஞர் நாம் ஜுன் பெய்க் (1932-2006) தொலைக்காட்சிப் பெட்டிகளையே கலைப்பொருளாக்கிக் காட்சிக்கு வைத்தார். அப்பத்தாண்டின் இறுதியில் தோளில் சுமக்கத்தக்க வீடியோ கருவி விற்பனைக்கு வரவே, பெரும் நிலையங்களுக்கே உரியதாயிருந்த ஒளிப்பதிவு தனிக் கலைஞர்களின் கைக்கு எட்டியது. ஆனால் அவர்கள் நம்பிய காந்த நாடா நிலையற்றது. காந்தத் துகள்களைப் பிணைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப்போகிறது. நாடா தப்பிப் பிழைத்தாலும் அதை ஓட்டும் இயந்திரம் கிடைப்பதரிது.

பெய்க்கின் மாபெரும் படைப்பு, சியோலை அடுத்த குவாச்சன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் 1988-இல் எழுந்தது. 18.5 மீட்டர் உயரமான அக்கோபுரத்தில் 1,003 தொலைக்காட்சிப் பெட்டிகள் அடுக்கப்பட்டன. கொரிய நாடு தோன்றியதைக் கொண்டாடும் அக்டோபர் 3-ஆம் நாளை அவ்வெண் குறித்தது. 2003-இல் பெட்டிகள் அனைத்தும் மாற்றப்பட்டன. எனினும் அவையும் முதுமையுற்று, 2018-இல் கோபுரம் இருண்டது. பழைய படக்குழாய்ப் பெட்டிகளை உருவாக்குவோர் அதற்குள் அத்தொழிலையே கைவிட்டிருந்தனர். இப்போது எழுந்த வினா எளிதன்று. மெல்லிய புதுத் திரைகளைப் பொருத்தினால் ஒளி மீளும். ஆனால் பெய்க் கண்ட குவிந்த கண்ணாடி முகமும் அதன் சாயலும் மறையும். நெடிய ஆய்வுக்குப்பின், 737 பெட்டிகளைப் பழுதுபார்த்தும், பயன்படுத்திய பழம் பெட்டிகளைத் தேடிக்கொணர்ந்தும் காத்தனர். எஞ்சிய 266 சிறு பெட்டிகளுக்கு மட்டும் தட்டைத் திரை இடம்பெற்றது. 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது.

இணையக் கலையில் இவ்வினா இன்னும் கூர்மையானது. பெண்ணாய்ப் பிறந்து ஆணாக வாழ்ந்த பிராண்டன் டீனா என்னும் இளைஞர் 1993-இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கொல்லப்பட்டார். அவர் கதையை மையமாக்கி, தைவானில் பிறந்த ஷூ லீ சாங் 1998-இல் 'பிராண்டன்' என்னும் இணையப் படைப்பைத் தொடங்கினார். நியூயார்க்கின் குகன்ஹைம் கலைக்கூடம் இணையத்திற்கென ஆக்குவித்த முதற்படைப்பு அது. ஆண்டுகள் செல்ல, அதன் பகுதிகளை இயக்கிய ஜாவா நிரல்களைப் புதிய உலாவிகள் ஏற்க மறுத்தன. பக்கங்கள் இருந்தும் படைப்பு ஊமையாயிற்று. கலைக்கூட வல்லுநர்களும் நியூயார்க் பல்கலைக்கழகக் கணினித் துறையினரும் இணைந்து 2016-17-இல் அதற்கு உயிரூட்டினர். செயலிழந்த பகுதிகளுக்குப் புதிய நிரல் எழுதினர்; பழைய நிரலை அழித்துவிடாமல், இயங்காத நிலையில் உள்ளேயே விட்டுவைத்தனர். எதை மாற்றினோம் என்பதை வருங்காலத்தார் அறியவேண்டும் என்னும் நேர்மை அதில் விளங்குகிறது.

காத்தல் என்றால் தொடாமல் வைத்தல் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்விரு படைப்புகளையும் தொடாதிருந்திருந்தால் இருண்ட பெட்டிகளும் வெற்றுப் பக்கங்களுமே எஞ்சியிருக்கும். மாறாக, எண்ணிப்பாராது மாற்றியிருந்தால் வேறொரு படைப்பே நம்முன் நின்றிருக்கும். இன்றியமையாதது எது, கைவிடத்தக்கது எது எனப் பகுத்துணர்வதே காப்பாளரின் கடமை. அக்கடமை ஒருமுறை ஆற்றி முடிப்பதன்று. புதிய திரைகளும் புதிய நிரல்களும் நாளை முதுமையுறும். கொலையுண்ட ஓர் இளைஞரின் நினைவு அப்போதும் வாழ வேண்டுமாயின், வேறொரு தலைமுறை பொறுமையோடு மீண்டும் அதன் அருகே அமரவேண்டும்.