விழுப்புண்ணுக்குப் பின்: போரில் உறுப்பிழந்தோர் மறுவாழ்வும் வீராம்பட்டினத்து மணலும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிரே நிற்கும் போர் நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு எழுப்பப்பட்டது. நடுகல் கண்ட தமிழருக்கு இம்மரபு புதிதன்று. உறுப்பிழந்து உயிரோடு திரும்பியவருக்கு அரசும் ஊரும் பட்ட கடன் எது என்பதே இக்கட்டுரையின் வினா. புறத்திணை இவ்வினாவை அறியும்: புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காக்கும் தொடாக்காஞ்சி அதன் துறைகளுள் ஒன்று. அங்கே பொறுப்பு முழுவதும் வீட்டின்மேல் விழுந்தது. அப்பொறுப்பை அரசு ஏற்றதே இருபதாம் நூற்றாண்டின் மாற்றம்.

1914 டிசம்பரில் பிரான்சின் லியோன் நகர மேயர் எதுவார் எரியோ, உறுப்பிழந்த வீரர்களுக்கென ழோஃப்ர் பள்ளியைத் தொடங்கினார். மருத்துவமனையிலிருந்து வந்தவர்கள் அங்கே கணக்கெழுதவும் காலணி தைக்கவும் புத்தகம் கட்டவும் கற்றனர். பிரிட்டிஷ் இந்தியாவில் 1917இல் பம்பாயில் தொடங்கிய குயின் மேரி தொழிற்பள்ளி பின்னர் புனேவை அடுத்த கிர்க்கிக்கு மாறியது. புனேயிலேயே 1944இல் படைத்துறையின் செயற்கை உறுப்பு மையம் அமைந்தது.

தொழில் கற்றால் ஓய்வூதியம் குறையுமோ என்ற அச்சம் இயல்பானது. பயிற்சியைக் காட்டி ஓய்வூதியத்தைக் குறைக்கலாகாது என்று பிரான்சின் 1918ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1919 மார்ச் 31ஆம் நாள் சட்டம் மேலும் ஒரு படி சென்றது: இழப்பீட்டை உரிமையாக்கியது, காயமோ நோயோ படைப்பணியால் வந்ததன்று என மெய்ப்பிக்கும் சுமையை அரசின்மேல் வைத்தது. கை நீட்டி நின்றவன் கணக்குக் கேட்பவனானான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஓய்வூதியம் பெறும் 'சொல்தா'வை (பிரெஞ்சுப் படையின் முன்னாள் வீரரை) ஊர் மதிப்பதில் இந்த உரிமையின் நிழல் உண்டு.

எனினும் உரிமை மட்டும் போதாது. கால் இழந்த ஒருவர் புதுச்சேரியை அடுத்த மீனவ ஊரான வீராம்பட்டினம் திரும்புவதாகக் கொள்வோம். மருத்துவமனையின் சமதளத்தில் நடந்து பழகிய செயற்கைக்கால் இங்கே மணலில் புதையும். உப்புநீர் அதன் இரும்பை அரிக்கும். படகைத் தள்ளவும் தரையில் அமர்ந்து வலையின் கிழிசலைப் பொத்தவும் வளையும் பாதம் வேண்டும். 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் கண்டது இதைத்தான். காலணி இன்றி நடக்கவும் குந்தவும் ஈரத்தில் இறங்கவும் ஏற்ற ரப்பர் பாதத்தை அவர்கள் உருவாக்கினர். போரால் கால் இழந்த யாழ்ப்பாணத்தாரையும் அது நடக்க வைத்தது.

ஆகவே மறுவாழ்வின் அளவுகோல் மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லை. புண்ணை ஆற்றுவது மருத்துவம். இழப்புக்கு ஈடு தருவது சட்டம். இரண்டும் கைகூடினவா என்பதை, திரும்பியவர் தம் ஊர் மணலில் தம் தொழிலோடு நிற்கும்போதுதான் அறியமுடியும்.